ரூட் பாஸ்வேர்டு யாருக்கு

முதல்வரியாருக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று தெரியாது. ஏன் வைத்தார்கள் என்பது மட்டும் அலுவலகம் முழுக்கத் தெரியும். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும், எந்த நேரத்தில் கரையைத் தொடும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்கிற அலுவலகம் அது. அங்கே இருக்கும் ஆராய்ச்சியாளர்கள் எங்கெங்கிருந்தோ புரோகிராம்களை இறக்கிக்கொண்டு வருவார்கள். அவை தைத்த சட்டையாக வருவதில்லை, துணியாகத்தான் வரும். அதற்குச் சோர்ஸ் கோடு என்று பெயர். அதை இங்கிருக்கும், லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓடும் மெஷினின் உடம்புக்கு வெட்டித் தைப்பதுதான் கம்பைல் செய்வது. தைக்கும்போது ஏதாவது இடக்கு பண்ணும். திரையில் இருநூறு வரி எரர் கொட்டும். ஆராய்ச்சியாளர் கடைசி வரியைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தபடி மூன்றாம் மாடிக்கு ஓடிவருவார். அங்கே மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் முதல்வரியார் நாற்காலியைக்கூடத் திருப்பாமல் சொல்வார்:

"கடைசி வரி வெறும் அழுகைங்க. அடி எங்க விழுந்துச்சுன்னு முதல் வரியிலதான் இருக்கும். மேல போங்க."

மேலே போனால் இருக்கும். புரோகிராம் கடன் வாங்கும் தயார் பாகங்களான லைப்ரரி ஏதோ ஒன்று இல்லை, ஏதோ ஒரு ஃபோல்டரின் பெயர் தப்பு, தைத்துத் தரும் கம்பைலர் பழசு. பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். வந்தவர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் போவார். இவரோ "இதெல்லாம் ஒரு விஷயமா" என்பது போல முகத்தை வைத்துக்கொள்வார். உள்ளுக்குள் தேன் வடியும்.

வேலைக்கு வந்தபோது அவர் பிரின்டர் பழுதுபார்க்கிற ஆள். லினக்ஸை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அடுத்தவர் திரையை எட்டிப் பார்த்து, வீட்டில் ஒரு ஓட்டைக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டார். பதினேழு வருடத்தில் மெஷின் ரூம் அவர் கைக்கு வந்துவிட்டது. ரூட் பாஸ்வேர்டும் வந்தது. அது கையில் இருந்தால் மெஷினில் எந்தக் கதவும் திறக்கும். குடல்வால் ஆபரேஷனுக்குப் போனபோது மட்டும் அதை ஒரு காகிதத்தில் எழுதி, கவரில் ஒட்டி, இயக்குநரிடம் கொடுத்தார். தையல் பிரித்துத் திரும்பி வந்ததும் முதல் வேலையாக அதை மாற்றினார். மனுஷனுக்கு ஐம்பத்தொரு வயதில் இருந்த ஒரே சொத்து அந்தப் பன்னிரண்டு எழுத்துதான் என்று சொன்னால் அவர் மனைவிகூட மறுக்கமாட்டாள்.

இப்படி இருந்தவர், சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைச் செய்தார். சகலைக்கு வேலை வாங்கிக் கொடுத்தார்.

சகலை என்றால் அவர் மனைவியின் தங்கை புருஷன். ஏழு வயது இளையவன். பெரிய கம்பெனி ஒன்றில் இதே லினக்ஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். கம்பெனி மூடிவிட்டது. "நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஆகாதா?" என்று மனைவி காலையில் கேட்டாள், மாலையில் கேட்டாள், குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகூடக் கேட்டாள். இவரும் பெருமையாகத்தான் போய்ச் சொன்னார். சிபாரிசு செய்கிறவன் ஒரு படி மேலே நிற்கிறான் இல்லையா? அந்த ஒரு படியில் எத்தனை நாள் நிற்கமுடியும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

மூன்று மாதம்தான் நின்றார்.

சகலைக்குக் கை வேகம் என்பதுகூடப் பெரிதில்லை. அவனுக்கு வாய் நன்றாக இருந்தது. எரரைத் தூக்கிக்கொண்டு வருகிறவரை முதலில் உட்காரச் சொல்வான். "இதை வெச்சு என்ன பண்ணப்போறீங்க?" என்று கேட்பான். அவர்கள் ஆற்றைப் பற்றி, மழையைப் பற்றி, வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்பது வரை சொல்வார்கள். சொல்லி முடிப்பதற்குள் கம்பைல் முடிந்திருக்கும். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். முதல்வரியாரிடம் வந்தவர்கள் பிழைத்தோம் என்று போனார்கள், சிரித்துக்கொண்டு போனதில்லை.

படியேறி வருகிறவர்கள் கண்ணாடிக் கதவைத் திறந்ததும் இடது பக்கம் திரும்பினால் இவர் மேசை, வலது பக்கம் திரும்பினால் அவன் மேசை. கதவு திறக்கும் ஓசை கேட்டால் முதல்வரியார் தட்டச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார். காலடி வலப்பக்கம் போகும். ஒரு வாரம் உட்கார்ந்து எண்ணினார். வலது பக்கம் பதினொன்று, இடது பக்கம் நான்கு. அந்த நான்கில் ஒன்று ஏசி மெக்கானிக்.

போதாததற்கு எல்லோரும் அவனைச் "சின்னவர்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சின்னவர் என்று ஒருவர் வந்துவிட்டால் இன்னொருவர் பெரியவர் ஆகத்தானே வேண்டும்? "பெரியவரே, சின்னவர் எங்க?" என்று ஆற்றம்மா வந்து கேட்ட அன்று அவருக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. ஆற்றம்மா என்பது வெள்ளக் கணிப்புப் பிரிவின் தலைமை ஆராய்ச்சியாளருக்கு வைத்த பெயர். பத்து வருடமாக இவர் மேசையைத் தவிர வேறு மேசை தெரியாதவர்.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் நிம்மதி இல்லை. பதினைந்து வயது மகள், "சித்தப்பா எனக்கு ஒரு கேமை சோர்ஸ்லேருந்து கம்பைல் பண்ணக் கத்துக்குடுத்தாருப்பா! எவ்ளோ ஈஸி தெரியுமா?" என்று குதித்தாள். ஈஸியாம். அவர் பதினேழு வருடம் ரத்தத்தைச் சுண்டவைத்துக் கற்றது ஈஸியாம். "நான் கத்துத்தரமாட்டேனா?" என்று கேட்டார். "நீங்க எங்கப்பா வீட்டுல இருக்கீங்க?" என்றாள்.

இப்படியே ஒரு வருடம் ஆகப்போகிற நேரத்தில்தான் புது மெஷின் வந்தது. பழைய மெஷினின் ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது. அதற்குள் ஆற்றம்மாவின் வெள்ளக் கணிப்பு புரோகிராமைப் புது மெஷினில் கம்பைல் செய்து ஓடவைக்கவேண்டும். இயக்குநர் இருவரையும் கூப்பிட்டார்.

"பெரியவரே, பழைய மெஷின்ல இருக்கிறதை நீங்க புதுசுக்கு எடுத்துட்டு வந்துடுங்க. கம்பைல் வேலையைச் சின்னவர் பாக்கட்டும். இன்னொண்ணு. புது மெஷினுக்கு ஒரே ஆள்தான் பொறுப்பு. யாரு அந்த புரோகிராமை ஓட வெக்குறாங்களோ, அவங்க கையில ரூட் பாஸ்வேர்டு. அதுவரைக்கும் என்கிட்ட இருக்கும். வேணும்னா கூப்பிடுங்க, வந்து தட்டித் தரேன்."

மூட்டை தூக்குகிற வேலை முதல்வரியாருக்கு, கிரீடம் வைக்கிற வேலை அவனுக்கு. அவன் அங்கே நின்று "சரி சார்" என்று தலையாட்டியதைப் பார்த்தபோது பற்றிக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை, இயக்குநர் வந்து பாஸ்வேர்டைத் தட்டிக் கொடுக்க, அவர் எல்லாவற்றையும் புது மெஷினுக்கு மாற்றினார். மாற்றும்போது, பழைய புரோகிராம்கள் ஓடவேண்டுமே என்று, பதினொரு வருடத்துக்கு முன் தன் கையாலேயே கம்பைல் செய்து வைத்திருந்த லைப்ரரி ஃபோல்டரையும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார். இந்த வேலையில் ஊறியவர்கள் மட்டுமே செய்கிற தப்பு அது. புதிதாக வந்தவனுக்கு அந்த ஃபோல்டர் இருப்பதே தெரியாது. சூதுவாது ஒன்றுமில்லை, பழக்கதோஷம்தான். அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். அதற்கடுத்து நடந்ததற்குத்தான் சத்தியம் செய்யமாட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் சகலை கம்பைலை ஆரம்பித்தான். நூற்றுக்கணக்கான கோப்புகள் ஒவ்வொன்றாக ஓடின. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கோர்க்கிற கடைசிக் கட்டத்தில், லிங்க் செய்யும்போது, நின்றது. "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸாமே?" என்று சகலை வாய்விட்டுப் படித்தான்.

வலப்பக்க மேசையிலிருந்து அந்த இரண்டு வார்த்தை காதில் விழுந்ததும் முதல்வரியாருக்கு நோய் தெரிந்துவிட்டது. ஓட்டலுக்குப் புது மெனு கார்டு அடித்தாயிற்று, அடுப்படியில் நிற்பதோ பழைய சமையல்காரர். கார்டைப் பார்த்து ஒன்றைக் கேட்டால், "அப்படி ஒண்ணு எனக்குத் தெரியாதே" என்கிறார். புது மெஷினில் இருக்கும் லைப்ரரி புதிய பதிப்பு. கம்பைலர் அதன் பட்டியலைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் தைத்தது. கோர்க்கும்போது மட்டும், முந்திக்கொண்டு வழியில் நிற்கிற இவருடைய பதினொரு வருடப் பழைய லைப்ரரியைப் போய்ப் பிடித்துக்கொண்டது. அதைத் தள்ளி வைத்தால் முடிந்தது. ஒரு நிமிட வேலை.

சொல்வதற்கு நாற்காலியைத் திருப்பினார். "தம்பி" என்று வாயும் திறந்தது. அந்த நேரம் பார்த்து இயக்குநர் உள்ளே வந்தார். சகலையின் தோளில் தட்டி, "இவர் இருக்கும்போது நமக்கென்னங்க கவலை?" என்றார்.

முதல்வரியார் வாயை மூடிக்கொண்டார். நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். கவலை இல்லையல்லவா, பார்க்கட்டும்.

பொறாமைக்கு ஒரு குணம் உண்டு. முதல் மணி நேரம் சுடும், அப்புறம் கதகதப்பாக இருக்கும். சகலை பழையதையெல்லாம் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஓட்டுவதை, அந்த ஆப்ஷனை மாற்றி, இந்த ஆப்ஷனை மாற்றி ஓட்டுவதை, இவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு தேநீர் குடித்தார். பல மாதங்களுக்குப் பிறகு தேநீர் ருசித்தது.

புதன்கிழமை சகலை எழுந்து வந்து மேசையோரம் நின்றான்.

"அண்ணே, பழைய மெஷின்லேருந்து என்னென்னண்ணே எடுத்துட்டு வந்தீங்க?"

இவருக்குச் சுருக்கென்றது. பழியை இங்கே திருப்பப் பார்க்கிறானா?

"எல்லாம் சரியாத்தான் வந்துச்சு."

"இல்ல, லைப்ரரி ஏதாவது..."

"அதான் சொன்னேனே தம்பி. எல்லாம் சரியாத்தான் வந்துச்சு."

சகலை "சரிண்ணே" என்று போய்விட்டான். அன்று மாலை வீட்டில் மனைவி தட்டை வைத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"தங்கச்சி போன் பண்ணினா. அவரு ரெண்டு நாளா ஒரு மாதிரி இருக்காராம். கேட்டா, 'அண்ணன் வாயத் தெறக்க மாட்டேங்குறாரு'ங்குறாராம். என்னங்க நடக்குது அங்க?"

"ஒண்ணுமில்ல. அவனுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது?"

மனைவி அவர் முகத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். இருபது வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு, மெஷினில் நடந்ததையெல்லாம் எழுதி வைக்கிற லாக் ஃபைல் போல ஒன்று தேவையில்லை. ஆனாலும் குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

வியாழக்கிழமை மதியம், ஆற்றம்மாவும் இயக்குநரும் இன்னும் நான்கைந்து பேரும் சகலையின் பின்னால் நின்றிருந்தபோது, அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "எனக்கு ஒண்ணும் தோணல. அண்ணே, நீங்க வந்து பாருங்க" என்றான்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. முதல்வரியார் அவசரப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்தார். வந்து உட்கார்ந்தார். நேரே விஷயத்துக்குப் போனால் முன்பே தெரியும் என்பது வெளியே வந்துவிடும் அல்லவா? அதனால் தெரியாதவர் போல மேலேயிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். நடுவில் "ம்ம்" என்றார். ஒரு இடத்தில் சும்மாவே தலையை ஆட்டினார். இருபத்தைந்து நிமிடம் கழித்து ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இதோ. லைப்ரரியை எந்த ஃபோல்டர்லேருந்து எடுக்குதுன்னு பாருங்க. இது பழசு. சார், கொஞ்சம் வந்து பாஸ்வேர்டு தட்டுங்க."

இயக்குநர் தட்டினார். பழைய ஃபோல்டரை வேறு இடத்துக்குத் தள்ளினார்கள். கம்பைல் ஓடியது, லிங்க் ஆனது, புரோகிராம் எழுந்து உட்கார்ந்தது. முதலில் கைதட்டியது ஆற்றம்மா. பிறகு எல்லோரும். "பெரியவர் பெரியவர்தான்!" என்றார் ஒருவர். அந்தப் பட்டப்பெயர்கூட அன்று இனித்தது.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கோளாறு சரியானாலும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சரிசெய்தவர் எழுந்து நின்று சொல்லவேண்டும். இயக்குநரின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "யார் கை பட்டது?" மறைக்காமல் சொல்லவேண்டும், திட்டமாட்டார், ஆனால் வருடக் கடைசி வரை மறக்கமாட்டார். அந்த வெள்ளிக்கிழமையும் கேட்டார். முதல்வரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "மெஷின் மாத்தும்போது பழசு ஏதாவது கூடவே வர்றது சகஜம்தான் சார். யார் கைன்னு சொல்றதுக்கில்ல" என்றார். சகலை தலையைக் குனிந்து நோட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தான். இயக்குநர் ஒரு கவரை நீட்டினார். உள்ளே ரூட் பாஸ்வேர்டு.

ஜெயித்தாயிற்று. ஜெயித்தவர் பேசாமல் வீட்டுக்குப் போகவேண்டியதுதானே? போகவில்லை. பொறாமைக்காரனுக்கு எதிராளி தோற்றால் மட்டும் போதாது, எவ்வளவு தோற்றான் என்று அளந்து பார்க்கவேண்டும். ரூட் கையில் இருக்கிறது, எந்தக் கதவும் திறக்கும். மூன்று நாளாகச் சகலை என்னென்ன முட்டாள்தனம் செய்து பார்த்தான் என்று ரசிப்பதற்காக, மதியம் மூன்றரைக்கு அவனுடைய சொந்த ஃபோல்டரைத் திறந்தார்.

உள்ளே வெள்ளக் கணிப்பு புரோகிராம் இருந்தது. கம்பைல் ஆகி, லிங்க் ஆகி, முழுசாக. பழைய லைப்ரரியின் பக்கம் போகாதபடி வழியை மாற்றிக் கட்டியிருந்தான். தேதியைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம்.

அதற்குக் கீழே செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாளின் ஆற்று மட்டக் கணிப்புகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துச் சரி என்று குறிப்பு எழுதியிருந்தது ஆற்றம்மா. நேற்று முதலில் கைதட்டிய அதே ஆற்றம்மா.

முதல்வரியாருக்குக் காது இரண்டும் கொதித்தன. கண்ணாடியைத் துடைத்த துடைப்பு, "ம்ம்" போட்டது, இருபத்தைந்து நிமிட நாடகம், எல்லாவற்றையும் இரண்டு பேர் தெரிந்துகொண்டே பார்த்திருக்கிறார்கள். வெட்கம் வந்தது. ஆனால் வெட்கத்தை முந்திக்கொண்டு வந்தது பழைய எரிச்சல்தான். என் தப்பைக் கண்டுபிடித்தான், மூடி மறைத்தான், ஜெயிக்கவும் விட்டான். பெருந்தன்மையிலும் இவன்தான் முதலா? திட்டுவதற்காவது ஒரு குறை வைத்தானா பாவி?

ஐந்து மணிக்குச் சகலை பையை மாட்டிக்கொண்டு வந்தான்.

"கிளம்பலாமாண்ணே? இன்னிக்கு எங்க வீட்டுல எல்லாரும் சாப்பிடுறோம்ல. அண்ணி, பாப்பா எல்லாம் அங்கதான் இருக்காங்களாம்."

முதல்வரியார் திரையை அவன் பக்கம் திருப்பினார். சகலை பார்த்தான். முகம் லேசாகச் சிவந்தது.

"ஏன் சொல்லல?"

"கேட்டேனேண்ணே. நீங்க எல்லாம் சரியா வந்துச்சுன்னீங்க."

"அப்ப என்மேல பரிதாபப்பட்டு விட்டுக்குடுத்தே. அப்படித்தானே?"

"உங்க பேரு கூட்டத்துல வரக்கூடாதுன்னு நெனச்சேன், அது நெஜம்தான்." சகலை பையைக் கீழே வைத்தான். "ஆனா அது பாதிதாண்ணே. மீதியையும் சொல்லிடுறேன், கோவிச்சுக்காதீங்க. அந்த பாஸ்வேர்டு எனக்கு வேணாம்."

"வேணாமா?"

"பழைய கம்பெனியில ஒம்போது வருஷம் நான்தான் வெச்சிருந்தேன். எவனுக்கு எது நின்னாலும் எனக்குத்தான் போன். என் பொண்ணு மொதமொத நடந்தப்போ நான் எவனுக்கோ எந்த ஃபோல்டர்னு சொல்லிட்டிருந்தேன். திரும்பிப் பார்த்தா அவ உக்காந்துட்டா. கம்பெனிய மூடினப்போ எல்லாரும் அழுதாங்க, நான் போய்ப் படுத்துத் தூங்கினேன். இங்க சார் மறுபடியும் அதை என் தலையில கட்டப் பாத்தாரு. நீங்க வாயத் தெறந்து அதை வாங்கிக்க மாட்டீங்களான்னுதான் மூணு நாளா காத்துட்டிருந்தேன். சத்தியமா சொல்றேண்ணே, நேத்துதான் எனக்கு உயிர் வந்துச்சு."

ஒரு வருடமாக முதல்வரியார் யாரைப் பார்த்து வயிறு எரிந்தாரோ, அவன் அவர் சொத்துக்கு ஆசைப்பட்டதே இல்லை. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று ஓடுகிறான். அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை அவன் ஒன்பது வருடம் சுமந்துவிட்டு, இறக்கிவைத்த சந்தோஷத்தில் தூங்கியிருக்கிறான்.

"நீ போ. நான் பின்னால வரேன்" என்றார்.

சகலை போய்விட்டான். அவன் படியில் இறங்கும்போது யாரோ ஏதோ சொல்ல, சிரிப்பது கேட்டது. இவர் புது மெஷினை ஒருமுறை சரிபார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று உட்கார்ந்தார். ஒன்று இன்னொன்றைக் காட்டியது, அது மற்றொன்றைக் காட்டியது. ஆறேகாலுக்குச் செல்போன் அடித்தது. மகள்.

"அப்பா, எங்க இருக்கீங்க? சித்தப்பா அப்பவே வந்துட்டாரு. குடிக்கிற தண்ணி முதல்கொண்டு எல்லாம் எடுத்து வெச்சாச்சு, உங்களுக்காகத்தான் உக்காந்திருக்கோம்."

"இதோ கிளம்பிட்டேம்மா" என்றார். அந்த நேரம் மேசைமேல் இருந்த அலுவலக போன் அடித்தது. கீழ் மாடி. யாருக்கோ ஏதோ நின்றுவிட்டது. இனிமேல் யாருக்கு எது நின்றாலும் இந்த மேசைக்குத்தான் வரும், வேறெங்கும் போகாது.

மணிச் சத்தம் மகளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"போன் அடிக்குதாப்பா? சரி, அப்ப நாங்க சாப்பிடுறோம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. நடந்து பழகிய நாளிலிருந்து சொல்லி வருகிற ஒன்றைச் சொல்வது போலச் சொன்னாள். அங்கே மகளுக்குப் பக்கத்து நாற்காலியில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்த நாற்காலியை நினைத்தபோது வந்த பொறாமைக்கு முன்னால், இந்த ஒரு வருடம் பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை.

மேசை போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவர் எடுத்தார்.